போதைக்கு அடிமையான பெற்றோர்: பிள்ளை மீதான உரிமை எப்போது இல்லாமற் போகும்?

இடம்பெயர்ந்து வாழும் எமது விவசாயக் குடும்பங்களில் இன்று இரண்டு கேள்விகள் அடிக்கடி எழுகின்றன. தகப்பன் கசிப்பில் விழுந்து கிடக்கிறார். அல்லது மருமகன் ஹெரோயின், ஐஸ் போன்றவற்றுக்கு அடிமையாகிவிட்டார். பிள்ளைகள் பசியோடும் பயத்தோடும் நாட்களைக் கழிக்கின்றார்கள். அம்மம்மா கேட்கிறார்: “இந்த மனிசனிடமிருந்து பிள்ளைகளைச் சட்டப்படி பிரித்தெடுக்க வழியில்லையா?” போதையிலிருந்து மீளப் போராடும் பெற்றோரோ இப்படிக் கேட்கின்றார்கள்: “நான் வழிதவறினேன் என்பதற்காக என் பிள்ளை எனக்கு இல்லாமற் போய்விடுமா?”

இரண்டும் நியாயமான கேள்விகளே. எமது நாட்டுச் சட்டம் இரண்டுக்கும் இடம் வைத்திருக்கிறது. பெற்றோரின் உரிமையை அது ஒரே வெட்டில் வெட்டிவிடுவதில்லை, படிப்படியாகவே செல்கிறது. கடைசிப் படியில் மாத்திரமே அந்த உரிமை முற்றாக முடிவடைகிறது. முன்னைய படிகளை எமது மக்கள் அறியாதிருப்பதால், ஒன்றில் பிள்ளைகள் ஆபத்திலேயே விடப்படுகின்றார்கள், அல்லது அவசரத்தில் கைவிட்டுப் போகின்றார்கள். ஆகவே இப்படிகளை ஒவ்வொன்றாக விளங்கிக்கொள்வது பயனுள்ளது.

போதை நோய்தான், ஆனால் பிள்ளை காத்திருக்க முடியாது

குடிக்கும் போதைப்பொருளுக்கும் அடிமையாதலை உலக சுகாதார நிறுவனம் நோய்களின் வரிசையிலேயே வைத்திருக்கிறது. இது வெறும் கெட்ட பழக்கமோ மனவலிமைக் குறைவோ மாத்திரமல்ல. போரும் இடப்பெயர்வும் எமது சமூகத்தின் மனதில் ஏற்படுத்திய காயங்களைப் பற்றி எழுதிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், மதுப் பாவனையின் பெருக்கத்தையும் அக்காயங்களின் விளைவுகளுள் ஒன்றாகக் காட்டியுள்ளார். காணியையும் மாட்டையும் இழந்து, செய்வதற்கு வேலையும் இல்லாமல் பல வருடங்கள் முகாமில் இருந்த ஒருவர் போத்தலைத் தேடியதை நாம் விளங்கிக்கொள்ள முடியும்.

விளங்கிக்கொள்வது வேறு, பொறுத்துக்கொண்டிருப்பது வேறு. நோயாளி குணமாக மாதங்களும் வருடங்களும் எடுக்கலாம். இடையில் மீண்டும் விழவும் கூடும். பிள்ளையின் வயிறும் படிப்பும் அதுவரை காத்திருக்கமாட்டா. தகப்பன் மீது இரக்கம் வேண்டும் என்பதற்காகப் பிள்ளையை அடிக்குப் பலியாக்குவது இரக்கமல்ல.

சட்டம் எதைப் பார்க்கிறது?

1939ஆம் ஆண்டின் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டமே இவ்விடயத்தில் அடிப்படையானது. பெற்றோர் இல்லாத பிள்ளை, அல்லது பெற்றோர் பராமரிக்கத் தகுதியற்றவராக இருப்பதாலோ உரிய பராமரிப்பைக் கொடுக்காததாலோ கெட்ட சேர்க்கைக்கும் ஆபத்துக்கும் உள்ளாகும் பிள்ளை, “பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் பிள்ளை” என்று அச்சட்டம் கருதுகிறது.

இங்கே இரண்டு விடயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, “இவர் குடிக்கிறார்” என்பது மாத்திரம் போதாது. அதனால் பிள்ளைக்கு என்ன நேர்கிறது என்பதே கேள்வி. உணவில்லையா? அடி விழுகிறதா? பள்ளிக்கூடம் நின்றுவிட்டதா? போதைப்பொருள் வாங்கிவரப் பிள்ளையை அனுப்புகிறாரா? இரவில் பிள்ளை தனியாக விடப்படுகிறதா? இரண்டாவது, வறுமை ஒரு குற்றமல்ல. வறுமை ஒன்றையே காரணமாகக் காட்டிப் பிள்ளையைக் குடும்பத்திலிருந்து பிரிக்கக்கூடாது என்று ஐக்கிய நாடுகள் சபை 2009இல் ஏற்றுக்கொண்ட மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டி கூறுகிறது. தறப்பாள் கொட்டிலில் இருப்பதால் மாத்திரம் நீங்கள் தகுதியற்ற பெற்றோர் ஆகிவிடமாட்டீர்கள்.

இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயமும் இதே வழியில் செல்கிறது. பிள்ளையின் நன்மைக்கு அவசியமென உரிய அதிகாரிகள் தீர்மானித்தாலன்றி, பெற்றோரின் விருப்பத்துக்கு மாறாகப் பிள்ளையைப் பிரிக்கக்கூடாது. அத்தீர்மானமும் நீதிமன்றத்தின் பரிசீலனைக்கு உட்பட்டது. பிரித்த பின்பும், கெடுதி இல்லாதவிடத்து, பெற்றோரைச் சந்திக்கும் உரிமை பிள்ளைக்கு உண்டு.

நீதிமன்றம் ஏறும் படிகள்

ஆபத்தில் உள்ள பிள்ளையைப் பொலிசாரோ அதிகாரம் பெற்ற உத்தியோகத்தரோ சிறுவர் நீதிமன்றத்தில் முற்படுத்தலாம். தனியான சிறுவர் நீதிமன்றம் இல்லாத இடங்களில் நீதவான் நீதிமன்றமே அவ்வாறு இயங்கும். நன்னடத்தை உத்தியோகத்தர் வீட்டு நிலைமையை விசாரித்து அறிக்கை கொடுப்பார். அதன்பின் நீதவான் பின்வரும் கட்டளைகளைப் பிறப்பிக்கலாம்:

1. பிள்ளையை ஒழுங்காகப் பராமரிப்பதாகப் பெற்றோரிடம் பிணை எழுதி வாங்குதல். பிள்ளை வீட்டிலேயே இருக்கும்.

2. பிள்ளையை நன்னடத்தை உத்தியோகத்தரின் மேற்பார்வையின் கீழ் வைத்தல். இது மூன்று வருடங்கள் வரை நீடிக்கலாம்.

3. பிள்ளையைத் “தகுந்த ஆள்” ஒருவரிடம் ஒப்படைத்தல். அவர் உறவினராக இருக்கலாம், பிறராகவும் இருக்கலாம். அம்மம்மா, அப்பம்மா, பெரியம்மா, தாய்மாமன் ஆகியோர் இதற்கு முன்வரலாம்.

4. பிள்ளையை அரசின் அனுமதிபெற்ற இல்லமொன்றில் அல்லது பாடசாலையொன்றில் சேர்ப்பித்தல். இதைக் கடைசி வழியாகவே கொள்ள வேண்டும்.

இவற்றில் எதுவும் பெற்றோரின் உறவை நிரந்தரமாக முடித்துவிடுவதில்லை. நிலைமை மாறும்போது கட்டளையை மாற்றும்படி நீதிமன்றத்தைக் கேட்கலாம்.

பிள்ளையை வெளியே எடுக்காமல், தீங்கு செய்பவரை வெளியே நிறுத்தும் வழியும் உண்டு. 2005ஆம் ஆண்டின் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ், அடிபடும் மனைவியோ, அவருக்காகவும் பிள்ளைக்காகவும் பொலிசாரோ நீதவானிடம் பாதுகாப்புக் கட்டளை கோரலாம். நீதவான் முதலில் 14 நாட்களுக்கு இடைக்காலக் கட்டளையும், விசாரணையின் பின் 12 மாதங்கள் வரையிலான கட்டளையும் வழங்கலாம். வன்முறை செய்பவர் வீட்டுக்குள் நுழைவதையே அக்கட்டளையால் தடுக்க முடியும். தாய் நல்ல நிலையில் இருக்கும் குடும்பங்களில் முதலில் யோசிக்க வேண்டியது இதுவே. தகப்பனின் குடிக்காகப் பிள்ளைகள் தாயையும் இழக்க வேண்டியதில்லை.

ஈடும் அறுதியும்

கமக்காரருக்கு இந்த வேறுபாட்டை அதிகம் விளக்கத் தேவையில்லை. காணியை ஈடு வைத்தவர் கடனைக் கட்டி மீட்கலாம். அறுதியாக எழுதிக்கொடுத்தவர் வேலிக்கு வெளியே நின்று பார்க்கத்தான் முடியும். பிள்ளை காணியல்ல, ஆயினும் மேலே சொன்ன கட்டளைகள் மீட்கக்கூடியவை, மகவேற்பு மீட்கமுடியாத அறுதி போன்றது.

1941ஆம் ஆண்டின் பிள்ளைகளை மகவேற்றல் கட்டளைச் சட்டத்தின்படி நீதிமன்றம் மகவேற்புக் கட்டளை வழங்கியதும், பெற்ற தாய் தகப்பனின் உரிமைகளும் கடமைகளும் முடிவடைந்து, வளர்ப்புப் பெற்றோரிடம் சென்றுவிடுகின்றன. இதற்குப் பொதுவாகப் பெற்றோரின் சம்மதம் வேண்டும். ஆனால் பிள்ளையைக் கைவிட்டுச் சென்றவர், தேடியும் காணப்படாதவர், சம்மதம் கொடுக்க இயலாத நிலையில் உள்ளவர் ஆகியோரின் சம்மதம் இல்லாமலும் நீதிமன்றம் தீர்மானிக்கலாம். பெற்றோரின் போதை அவர்களது உரிமையை முற்றாக இழக்கச் செய்யும் இடம் இதுதான். போதை நேரடியாக அந்த உரிமையைப் பறிப்பதில்லை. போதையினால் பிள்ளையை வருடக்கணக்காகக் கைவிட்டிருப்பதே பறிக்கிறது. பிள்ளையின் வயதையும் விளக்கத்தையும் பொறுத்து அதன் விருப்பத்தையும் நீதிமன்றம் கவனிக்கும். மகவேற்புக்காகப் பணம் கொடுப்பதும் வாங்குவதும் சட்டவிரோதம்.

அவசர மகவேற்பு என்ன செய்யும் என்பதை எமது நாடு பட்டறிந்திருக்கிறது. 1970களிலும் 1980களிலும் இலங்கையிலிருந்து ஆயிரக்கணக்கான குழந்தைகள் ஐரோப்பிய நாடுகளுக்கு மகவேற்பில் அனுப்பப்பட்டார்கள். பொய்யான ஆவணங்களும், தாய் போல நடிக்க அமர்த்தப்பட்ட பெண்களும் அதில் இருந்தது பின்னர் வெளிவந்தது. 1992இல் வெளிநாட்டு மகவேற்புக்கான சட்டம் இறுக்கப்பட்டது. அன்று அனுப்பப்பட்டவர்கள் இன்று நடுத்தர வயதில் வந்து, தம்மைப் பெற்றவளைத் தேடித் திரிகின்றார்கள். 2020இல் சுவிஸ் அரசாங்கம் இதற்காக வருத்தம் தெரிவித்தது. வருத்தம் வந்தது, பலருக்குத் தாயைக் கண்டுபிடிக்கும் தடயம் வரவில்லை.

நல்ல மகவேற்பு ஒரு பெரிய அருட்கொடை என்பதில் சந்தேகமில்லை. ஆதரவற்ற பிள்ளைக்கு அது ஒரு வீட்டையும் பெயரையும் கொடுக்கிறது. ஆனால் வேறு வழி உண்டா என்று பார்த்துத் தீர்ந்த பின்னரே அங்கு செல்ல வேண்டும்.

எழுத்தில்லாத ஒப்படைப்பு

எமது மக்களிடையே பெரும்பாலும் நடப்பது நீதிமன்ற விடயமே அல்ல. ஒரு நாள் தாயோ தகப்பனோ பிள்ளையை அம்மம்மாவிடம் விட்டுவிட்டுப் போய்விடுகிறார். அம்மம்மாவும் கூழோ கஞ்சியோ காய்ச்சிக் கொடுத்து வளர்க்கிறார். அது புண்ணியம்தான். ஆனால் கையில் கட்டளை எதுவும் இல்லாததால் நாளைக்குச் சிக்கல் வரும். பள்ளிக்கூடம் மாற்றவும், சத்திரசிகிச்சைக்குக் கையொப்பமிடவும் “பாதுகாவலர் யார்?” என்று கேட்பார்கள். அதைவிட மோசமானது, போதையில் இருப்பவர் ஒரு நாள் வாசலில் வந்து, “என் பிள்ளையைத் தா” என்று நின்றால், கிழவியின் கையில் காட்டுவதற்கு ஒன்றுமிருக்காது.

சிலர் பங்குத்தந்தையிடம் வந்து, “சுவாமி, ஒரு கடிதம் தாருங்கள்” என்கின்றார்கள். குருவானவரின் கடிதம் நற்சான்றாக உதவலாம். அது பாதுகாவலர் கட்டளை ஆகாது. ஞானஸ்நானப் பதிவேடும் ஆகாது. “மூன்று பேரையும் சிஸ்டர்மாரின் இல்லத்தில் விட்டுவிடுவோம்” என்பதும் முதல் யோசனையாக இருக்கக்கூடாது. ஆகவே பிள்ளையை வளர்க்கும் பாட்டிமார் செய்யவேண்டியவை:

பிள்ளையின் பிறப்பத்தாட்சிப் பத்திரத்தை எடுத்து வையுங்கள். இடப்பெயர்வில் தொலைந்திருந்தால் பிரதேச செயலகத்தில் பிரதிக்கு விண்ணப்பியுங்கள். கிளினிக் கொப்பி, பாடசாலை அறிக்கை என்பவற்றைப் பத்திரப்படுத்துங்கள். பிள்ளை எந்தத் திகதியில் வந்தது, பெற்றோர் எப்போது வந்து பார்த்தார்கள், என்ன கொடுத்தார்கள் என்பதை ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள். பின்னர் பிரதேச செயலகத்தில் உள்ள சிறுவர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தரையோ, நன்னடத்தை உத்தியோகத்தரையோ சந்தித்து, தகுந்த ஆளாக உங்களை நியமிக்கும் வழியைக் கேளுங்கள். வழக்கறிஞருக்குப் பணமில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்தை நாடலாம். விளங்காத எந்தத் தாளிலும், வெற்றுத் தாளிலும் ஒருபோதும் கையொப்பமிடவேண்டாம்.

தாய்வழியும் தகப்பன்வழியும் பிள்ளைக்காகச் சண்டையிடும் குடும்பங்களும் உண்டு. சாலமோன் அரசரின் தீர்ப்பு எல்லோருக்கும் தெரிந்ததே. பிள்ளை வெட்டுப்படாதிருக்கத் தன் உரிமையை விட்டுக்கொடுக்கத் துணிந்தவளையே அரசர் தாயென்று கண்டார். யாரிடம் பிள்ளை பாதுகாப்பாக இருக்கும் என்பதே கேள்வி. எந்தப் பக்கம் வென்றது என்பதல்ல.

மீள விரும்பும் பெற்றோருக்கு

பிள்ளையைத் திரும்பப் பெற விரும்பும் பெற்றோர் நீதிமன்றத்தில் கண்ணீரைக் காட்டினால் மாத்திரம் போதாது, செய்ததைக் காட்டவேண்டும். சிகிச்சைக்குச் சென்ற அட்டை, ஒழுங்கான வேலை, தவறாமல் பிள்ளையைப் பார்க்கச் சென்றமை, பராமரிப்புக்குக் கொடுத்த சிறு தொகை ஆகியவையே பேசும். பார்க்க வரும் நாளில் போதையில் வராதீர்கள். வருவதாகச் சொல்லி வராமலும் விடாதீர்கள்.

போதைப்பொருளில் தங்கியிருப்போரின் சிகிச்சைக்கும் புனர்வாழ்வுக்கும் 2007இல் தனிச் சட்டமே ஆக்கப்பட்டுள்ளது. தாமாக முன்வந்தும் சிகிச்சை பெறலாம், நீதிமன்றம் அனுப்பியும் பெறலாம். தாமாக முன்வருவதே மேல். தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 என்ற இலக்கத்தில் ஆலோசனை பெறலாம். அரச வைத்தியசாலைகளின் மனநலப் பிரிவுகளையும் நாடலாம்.

ஒரு முக்கிய எச்சரிக்கை. வருடக்கணக்காக நாள்தோறும் அதிகமாகக் குடித்தவர், விரதமாகவோ நேர்த்தியாகவோ வீட்டிலேயே திடீரென நிறுத்தக்கூடாது. முதல் சில நாட்களில் நடுக்கமும் வலிப்பும் மனக்குழப்பமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். நிறுத்துங்கள், ஆனால் வைத்தியரின் கண்காணிப்பில் நிறுத்துங்கள்.

அயலவரின் கடமை

வேலிக்கு அப்பால் பிள்ளை அலறும் சத்தம் கேட்டும், “அது அவர்கள் வீட்டுப் பிரச்சினை” என்று திரும்பிப் படுப்பது கிறிஸ்தவப் பண்புமல்ல, தமிழ்ப் பண்புமல்ல. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்கு எவரும் அறிவிக்கலாம். பொலிஸ் நிலையத்தின் சிறுவர், மகளிர் பிரிவிலும் முறையிடலாம். நேரத்தோடு சொன்னால், விடயம் பெரும்பாலும் முதலாம் இரண்டாம் படிகளோடு முடிந்துவிடும். பிள்ளை தன் வீட்டிலேயே வளரும். எல்லோரும் மௌனமாக இருந்து, நிலைமை முற்றிய பின்னர்தான் பிள்ளையை இல்லத்துக்கும் பிறநாட்டுக்கும் அனுப்பும் பேச்சு வருகிறது.

ஆகவே கிராம அபிவிருத்திச் சங்கத்தினரும் மாதர் சங்கத்தினரும் தமது அடுத்த கூட்டத்தில் இதைப் பற்றிக் கலந்து பேசுங்கள். 1929, 1927 என்ற இரு இலக்கங்களையும் எல்லோர் கண்ணிலும் படும் சுவரில் எழுதிவையுங்கள். உங்கள் கிராமத்தில் பெற்றோரின்றி வளரும் பிள்ளைகள் யார், அவர்களை வளர்ப்பவர்களின் கையில் கட்டளை இருக்கிறதா என்று ஒரு பட்டியல் எடுங்கள். அந்தப் பட்டியலில் உள்ள முதற் பெயருக்காக, இந்த வாரத்திலேயே ஒருவர் பிரதேச செயலகத்துக்குப் போகட்டும்.