அணைக்கட்டில் சூரியன் சீக்கிரமே 'எஸ்கேப்'!

அணைக்கட்டுப் பக்கம் மாலைச் சூரியனைப் படம் பிடிக்கப் போகிறீர்களா? காலண்டரை நம்பினால் ஏமாந்து போவீர்கள்!

காலண்டரில் போடும் அஸ்தமன நேரம் சமதரைக்கு. இங்கேயோ ஜவ்வாது மலை அடிவாரம். கையை நீட்டி, நடு மூன்று விரலை அடுக்கிப் பிடியுங்கள். அது சுமார் 5 பாகை. மேற்கே மலைமுகடு அந்த உயரம் இருந்தால், 20 நிமிடம் முன்னாடியே ஆள் காலி! செருப்புக் கம்பெனி ஷிப்ட் விட்டு ஓடி வருகிறவருக்கு அந்த 20 நிமிடம்தானே எல்லாம்?

முகம் தெரியணுமே என்று செல்போனில் ஆளைத் தொட்டால் வானம் வெளுத்துவிடும். வானத்தைத் தொட்டு வெளிச்சத்தைக் குறையுங்கள். ஆள் கரிக்கட்டையாகட்டும், பரவாயில்லை! பக்கவாட்டில் நிற்கச் சொன்னால் மூக்கும் முகவாயும் தெரியும். பனைமரத்தோடு ஒட்டி நின்றால் எல்லாம் ஒரே கறுப்பு. எதிர்வெளிச்சத்தின் அழகுக்கு 1980-ல் வந்த 'நெஞ்சத்தைக் கிள்ளாதே' படத்தைப் பாருங்கள். அதற்குத்தான் அசோக்குமாருக்குத் தேசிய விருது.

பெரிய கேமராக்காரர்கள் உஷார்! ஜூம் லென்ஸ் போட்டு, கண்ணை வைத்துச் சூரியனைப் பார்த்தால் பூதக்கண்ணாடி கதைதான். விழித்திரை பொசுங்கும்; வலிகூடத் தெரியாது. பின்பக்கத் திரையில் பாருங்கள்.

சூரியன் மறைந்ததும் பஸ்ஸுக்கு ஓடாதீர்கள். மேகம் இருந்தால் அடுத்த கால் மணியில்தான் சிவப்பு ஏறும்.