தும்மலும் இளைப்பும் விளையாட்டுக்குத் தடையா?

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்பது முன்னோர் வாக்கு. பிள்ளைகளின் உடலாகிய சுவருக்கு உறுதி தருவது ஓடியாடி விளையாடுவதாகும். எனினும், தும்மலும் இளைப்பும் உடைய பிள்ளைகளை உடற்கல்வி நேரத்தில் மரநிழலில் அமர்த்திவிடும் வழக்கம் நம்மிடையே இன்னும் உண்டு. அன்பினால் செய்யும் இச்செயல் அப்பிள்ளைக்கு நன்மை தருமா என்பதைப் பெற்றோர் சிந்தித்தல் வேண்டும்.

தீங்கற்ற ஒரு பொருளை நம் உடல் பகையெனக் கருதி எதிர்ப்பதே ஒவ்வாமையாகும். அது மூக்கில் தோன்றின் தும்மலும் நீரொழுக்கும் உண்டாகும். மூச்சுக்குழாய்களில் தோன்றின் அவை வீங்கிச் சுருங்கி இளைப்பு உண்டாகும். இது தொற்றுநோயன்று. குளிர்நாடுகளில் வசந்தகாலப் பூக்களின் மகரந்தம் இதற்குப் பெருங்காரணம். நம் மலேசியாவிலோ மெத்தை, தலையணைகளில் வாழும், கண்ணுக்குத் தெரியாத தூசி உண்ணிகளே முதன்மையான காரணம். எனவே, இங்கு ஆண்டு முழுவதும் தொல்லை உண்டு. பிப்ரவரி, மார்ச் மாத வறட்சியில் எழும் செம்மண் புழுதியும், தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் சூழும் புகைமூட்டமும் அதனை மிகுவிக்கின்றன.

ஐந்து முதல் பதினேழு வயதுடையோர் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடமாவது உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. இளைப்புக்கு அஞ்சி உட்கார்ந்தே இருக்கும் பிள்ளையின் உடல் தளர்கிறது. தளர்ந்த உடல் சிறிது நடந்தாலும் மூச்சு வாங்குகிறது. அதைக் கண்டு பெற்றோர் மேலும் தடுக்கின்றனர். இவ்வட்டத்தை உடைத்தல் வேண்டும். இளைப்பு நோயுடைய அமெரிக்க வீராங்கனை ஜாக்கி ஜாய்னர் கெர்சி, 1988ஆம் ஆண்டு சியோல் ஒலிம்பிக்கில் இரண்டு தங்கப் பதக்கங்களை வென்றார். முறையான மருத்துவமும் பயிற்சியும் சேர்ந்தால் இளைப்பு தடையாகாது என்பதற்கு அவர் சான்று.

முதலாவதாக, வீட்டில் காரணத்தைக் குறைக்க வேண்டும். படுக்கை விரிப்பையும் தலையணை உறையையும் வாரம் ஒருமுறை சுடுநீரில் துவைத்து வெயிலில் உலர்த்துக. பிள்ளை உறங்கும் அறையில் கொசுவர்த்தி, சாம்பிராணி, சிகரெட் ஆகியவற்றின் புகை வேண்டா. லயத்தின் அருகே குப்பையை எரித்தலும் ஆகாது.

இரண்டாவதாக, விளையாடுமுன் பத்து நிமிடம் மெல்ல நடந்தும் கைகால்களை அசைத்தும் உடலைச் சூடாக்குக. இயன்றவரை மூக்கினால் மூச்சு விடுக. மூக்கு காற்றை வடிகட்டி, வெதுவெதுப்பாக்கி, ஈரமாக்கி அனுப்புகிறது. இடைவிடாத நெடுந்தூர ஓட்டத்தைவிட, இடையிடையே ஓய்வு கிடைக்கும் பூப்பந்து, மேசைப்பந்து போன்றவை தொடக்கத்தில் எளியவை. நீச்சலும் பலருக்கு ஏற்றது.

மூன்றாவதாக, மருந்தை முறையாகக் கையாளுக. உறிஞ்சு மருந்து பழக்கமாகிவிடும் என்னும் அச்சம் தேவையற்றது. மருத்துவர் தந்த தடுப்பு மருந்தை, நலமாக உள்ள நாளிலும் நிறுத்தலாகாது. விளையாட்டுக்கு முன் நிவாரண மருந்து வேண்டுமா என்பதை அவரிடமே கேட்டறிக. விடியுமுன் பெரட்டுக்குச் செல்லும் பெற்றோர், அம்மருந்து பிள்ளையின் புத்தகப்பையில் இருப்பதை முந்தின இரவே உறுதி செய்க. வகுப்பாசிரியருக்கும் தெரிவித்து வைக்க.

புகைமூட்ட நாள்களில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீட்டைக் கவனித்தல் இன்றியமையாதது. அது 100ஐத் தாண்டினால் காற்று நலக்கேடானது. அன்று வெளிப்புற விளையாட்டு வேண்டா. இளைப்புடைய பிள்ளைகளோ அதற்கு முன்பே தொல்லையுறக்கூடும். அத்தகைய நாளில் சன்னல்களை அடைத்த வகுப்பறையினுள் இலேசான உடற்பயிற்சி போதும்.

விளையாடும்போது இருமலோ நெஞ்சிறுக்கமோ தோன்றின், உடனே நிறுத்தி, நிமிர்ந்து அமரச் செய்து, நிவாரண மருந்தைத் தருக. ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச இயலாமை, விலா எலும்புகளிடையே சதை உள்ளிழுத்தல், உதடு நீலமாதல் ஆகியவை ஆபத்தின் அறிகுறிகள். சற்றும் தாமதியாது மருத்துவமனைக்குக் கொண்டு செல்க.

மாணவச் செல்வங்களே! உறிஞ்சு மருந்தைப் பயன்படுத்தும் தோழனை எள்ளி நகையாடாதீர்கள். அவனையும் உங்கள் குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள். பெற்றோர்களே! பிள்ளையைத் திடலிலிருந்து விலக்கி வைக்காமல், தக்க ஆயத்தத்துடன் திடலுக்கு அனுப்பி வையுங்கள். மரநிழலில் அமர்ந்திருக்கும் அப்பிள்ளையின் கண்கள் பந்தின் பின்னேதான் ஓடிக்கொண்டிருக்கின்றன என்பதை நாம் மறவாதிருப்போமாக!