கொட்டிய மண்ணுக்குப் பத்திரம் இல்லை

சென்னையின் மேற்கு மாம்பலத்தில் இன்றும் லேக் வியூ ரோடு என்றொரு தெரு உண்டு; நுங்கம்பாக்கத்தில் லேக் ஏரியா என்றே ஒரு குடியிருப்பு. இரண்டிடத்திலும் ஏரி போய்ப் பல காலமாகிவிட்டது. மாம்பலத்து நீண்ட ஏரியை 1920-களில் வற்றவைத்துத்தான் தியாகராய நகர் உருவானது. நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் 1976-ல் வள்ளுவர் கோட்டம் எழுந்தது. இப்படித் தூர்ந்த நீர்நிலைகளைப் பற்றி 2015 வெள்ளத்துக்குப் பிறகு நிறையவே எழுதியாகிவிட்டது, எல்லாம் தண்ணீரின் பக்கமிருந்து. மண்ணின் பக்கமிருந்து கேட்கவேண்டியது அப்படியே கிடக்கிறது. தாங்கலிலும் குட்டையிலும் குவாரிப் பள்ளத்திலும் பாழுங்கிணற்றிலும் லாரி லாரியாகக் கொட்டியது என்ன, எப்படிக் கொட்டினார்கள், அதற்கு யாரிடம் கணக்கு இருக்கிறது? இடித்த வீட்டின் செங்கலும் காரையும், கால்வாய்ச் சேறும், சவுடும், குப்பையும் ஒரே பள்ளத்துக்குள் போகின்றன. மேலே இரண்டடிக்குச் சிவப்பு கிராவல் பரப்பி, ரோலர் ஓட்டி, எல்லைக்கல் நட்டால் அது மனை. வீடு கட்டுபவருக்கு இங்கே பெரிய ஆபத்து, அந்த மண் வந்த கதை எங்கும் எழுதப்படாமல் இருப்பதுதான்.

அஸ்திவாரம் என்றதும் எத்தனை டன் தாங்கும் என்றுதான் கேட்கிறோம். கொட்டிய மண்ணில் வீடு பெரும்பாலும் கெடுவது, ஒரு மூலை இறங்கி மறு மூலை இறங்காததால். வீடு முழுக்க ஒரே அளவில் 3 செ.மீ. இறங்கினால் கதவுகூடப் பிடிக்காது. ஆனால் 3 மீட்டர் இடைவெளியில் நிற்கும் இரண்டு பில்லர்களில் ஒன்று மற்றதைவிட 1 செ.மீ. கூடுதலாக இறங்கினாலே சுவரில் விரிசல் தொடங்கிவிடலாம், 2 செ.மீ. என்றால் பில்லர், பீம் வரை பாதிக்கும். பழைய கட்டடங்களை அளந்து பொறியாளர்கள் கண்டறிந்த வரம்பு இது. தளர்வாகக் கொட்டிய மண் 3 மீட்டர் ஆழம் இருந்து, நூற்றுக்கு 2 பங்கு அமுங்கினாலே 6 செ.மீ. ஆயிற்று. பள்ளத்தின் கரையோரம் அதே மண் அரை மீட்டர்தான் இருக்கும். அங்கே 1 செ.மீ.தான் இறங்கும். கரையும் பள்ளமும் ஒரே வீட்டுக்குள் அகப்படும் மனைதான் எல்லாவற்றிலும் மோசம். முழுக்கப் பள்ளத்துக்குள் கிடக்கும் மனைகூட அதற்குத் தேவலை.

சாயில் டெஸ்ட் செய்தாயிற்றே என்பார்கள். எந்த டெஸ்ட்? தகட்டுச் சோதனையில் 30 முதல் 75 செ.மீ. அகலமுள்ள இரும்புத் தகட்டை வைத்துப் பளு ஏற்றுகிறார்கள். அந்தப் பளு, தகட்டின் அகலத்தைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆழம்வரைதான் எட்டும். 30 செ.மீ. தகட்டுக்கு 60 செ.மீ.க்குக் கீழே இருப்பது தெரியாது. மேலே பரப்பிய கிராவலுக்குச் சான்று கொடுத்துவிட்டு நின்றுவிடும். வீட்டின் எடையோ பல மீட்டர் கீழே போகிறது. துளை போட்டுச் சுத்தியல் அடிகளை எண்ணும் சோதனை ஆழத்துக்குப் போகும். ஆனால் குழாய் ஒரு கான்கிரீட் துண்டில் முட்டினால் எண்ணிக்கை எகிறிவிடும், சேறு கெட்டித் தரையாக அறிக்கையில் ஏறும். துளையோடு நிறுத்தாமல், ஜேசிபி வைத்து மனையின் நாலைந்து இடங்களில் குழி தோண்டிப் பார்ப்பதுதான் இதற்கு மருந்து. குழியின் பக்கவாட்டில் செங்கல் துண்டு, கரிய சேறு, பாலித்தீன் பை எல்லாம் அடுக்கடுக்காகத் தெரியும்.

மண் கொட்டிப் பத்து மழைக்காலம் ஆயிற்று, இனி என்ன இறங்கப்போகிறது என்பது மேஸ்திரிகளின் வாதம். அதில் பாதி உண்மை உண்டு. மண் தன் எடையிலேயே அமுங்கும், அந்த வேகம் போகப்போகக் குறையும். ஆனால் உலர்ந்த நிலையில் கொட்டிய மண், கட்டிகட்டியாக ஒன்றுக்கொன்று முட்டுக்கொடுத்து நிற்கிறது. அடிவரை முதன்முறை நனையும்போது கட்டிகள் இளகி, இடையிலுள்ள வெற்றிடம் மூடி, மேலே பளு கூடாமலே நிலம் இறங்கும். பெய்த மழை அத்தனை ஆழம் நனைத்திருக்கும் என்பதற்கு உறுதியில்லை. வீடு வந்தபின் செப்டிக் டேங்க் கசிவும், உடைந்த குழாயும், விதிப்படி தோண்டும் மழைநீர்ச் சேகரிப்புக் குழியும், வெள்ளத்தில் கீழிருந்து ஏறும் நிலத்தடி நீரும் அதைச் செய்துவிடும். மக்கும் குப்பை கலந்திருந்தால் அது பல ஆண்டுகளுக்கு இளைத்துக்கொண்டே போகும். மீத்தேன் வாயுவும் வரும். 1986-ல் இங்கிலாந்தின் டெர்பிஷயரில், லாஸ்கோ என்ற ஊரில், குப்பை கொட்டி மூடிய பள்ளத்திலிருந்து நிலத்தடியே கசிந்த வாயு பக்கத்திலிருந்த வீட்டை வெடித்துத் தகர்த்தது.

பைல் போட்டால் கவலை விட்டது என்கிறவர்கள் உண்டு. அடியிலுள்ள இயற்கைத் தரையில் ஊன்றிய பைல் நல்ல வழிதான். ஆனால் சுற்றியுள்ள மண் இறங்கும்போது பைலின் பக்கங்களைப் பற்றிக் கீழே இழுக்கும். அந்தச் சுமையையும் கணக்கில் சேர்த்தாக வேண்டும். பைல்மேல் வீடு அசையாமல் நிற்க, காம்பவுண்ட் சுவரும் சம்ப்பும் போர்டிகோ தரையும் தனியே இறங்கிக் குழாய் இணைப்புகளை முறிக்கும். கொட்டிய ஆழம் ஓரிரு மீட்டர்தான் என்றால், அள்ளி எறிந்துவிட்டு நல்ல மண்ணை முறையாக இட்டு நிரப்புவதே நேர்மையான வேலை. செலவு கூடும் என்பார்கள், கூடும்தான்.

மேடாக்கிய மண் எல்லாம் கெட்டதில்லை. சரியான ஈரத்தில் இறுக்கினால்தான் மண் தன் முழு அடர்த்திக்கு வரும் என்பதை 1933-லேயே அமெரிக்கப் பொறியாளர் புரோக்டர் அணைக்கட்டு வேலையிலிருந்து காட்டிவிட்டார். இருபது முப்பது செ.மீ. அடுக்காகப் பரப்பி, நீர் தெளித்து, ரோலர் ஓட்டி, ஒவ்வோர் அடுக்கும் அந்த அடர்த்தியில் 95 சதவீதத்தை எட்டியதா என்று அளந்த பிறகே அடுத்ததைப் போடுவார்கள். நெடுஞ்சாலைக் கரைகள் அப்படித்தான் நிற்கின்றன. குடியிருப்பு மனைக்கு மட்டும் இந்த அளவு தேவையில்லை என்று யார் முடிவு செய்தது? முப்பது ஆண்டுக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்கிறோம், மூலப்பத்திரம் கேட்கிறோம். காலடி மண்ணைப் பற்றி ஒரு தாள் கிடையாது. பழைய கிராம வரைபடம் குட்டை இருந்ததைச் சொல்லும், நிரப்பியதைச் சொல்லாது. மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தரும்போதே, கொட்டிய ஆழத்தைக் காட்டும் வரைபடத்தையும் அடுக்குவாரி அடர்த்திப் பதிவையும் வாங்கிக் கிரையப் பத்திரத்தோடு இணைக்கவேண்டும். அந்த விதி வரும்வரை, அட்வான்ஸ் கொடுக்குமுன் குழி தோண்டிப் பார்க்க அனுமதி கேளுங்கள். விற்பவர் மறுத்தால், பைல் செலவு முழுவதையும் விலையில் கழித்துப் பேசுங்கள்.