காற்று நின்ற பிறகும் போகிற படகு

கத்தாரின் ராஸ் லஃபான் துறைமுகத்துக்கு வரும் எரிவாயுக் கப்பல்களில் பெரிய ரகம் கியூ-மேக்ஸ். நீளம் 345 மீட்டர். அந்தத் தொழில் நகரத்தில் வேலை பார்க்கும் தமிழர்கள் விடுமுறை நாளில் வடமேற்கே கொஞ்ச தூரம் கார் ஓட்டிப் போனால், அல் ஜஸ்ஸாஸியாவின் தாழ்ந்த சுண்ணாம்புப் பாறை மேடுகள் வரும். அங்கே சுமார் 900 செதுக்கல்கள் இருக்கின்றன. பல வெறும் குழி வரிசைகள். பல்லாங்குழி போன்ற ஆட்டத்துக்கானவை என்று சொல்வோரும் உண்டு. மற்றவற்றில் படகுகள். 1970களில் டென்மார்க் ஆய்வாளர்கள் இவற்றை முறையாகப் பதிவு செய்தார்கள். வயது பற்றி இன்னும் வழக்கு ஓயவில்லை.

பல படகுகளை மேலிருந்து பார்ப்பதுபோலச் செதுக்கியிருக்கிறார்கள். இரு முனையும் கூர்மையான மீன் வடிவ உடல், இரு பக்கமும் வரிசையாகத் துடுப்புகள். சிலவற்றில் முனையிலிருந்து ஒரு கோடு நீண்டு நங்கூரத்தில் முடிகிறது. நங்கூரம் போட்டு நிற்கும் படகில் துடுப்புகள் ஏன் வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும்?

முத்துக்குளிப்பை வைத்துப் பார்த்தால் ஒரு விடை கிடைக்கிறது. வளைகுடாவின் முத்துப் படகுகள் சலாபம் என்னும் முத்துப் படுகைக்கு மேலே நின்றதும், துடுப்புகளை உள்ளே இழுத்து வைப்பதில்லை. கிடையாக நீட்டிக் கட்டிவிடுவார்கள். குளிப்பவர்கள் காலில் கல்லோடு கயிற்றில் இறங்கி, மூச்சு முட்டி மேலே வந்ததும், அந்தத் துடுப்புகளைப் பற்றியபடி நீரிலேயே இளைப்பாறுவார்கள். பாறையில் செதுக்கியவர் இதைத்தான் காட்டினார் என்பது என் ஊகம்.

ராஸ் லஃபானுக்குத் தெற்கே இருக்கும் அல் கோர் பழைய முத்துக்குளி ஊர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் இந்திய அதிகாரி லாரிமர் தொகுத்த விவரத்தொகுப்பின்படி, கத்தாரிலிருந்து 817 முத்துப் படகுகளில் 12,890 பேர் கடலுக்குப் போனார்கள். வகுத்துப் பாருங்கள்; படகுக்குப் பதினாறு பேர்கூட வராது. அதாவது பல படகுகள் சிறியவை. பெருங்குளிப்பு நடப்பதோ கோடையில், ஏறக்குறைய ஜூன் முதல் செப்டம்பர் வரை. அந்த மாதங்களில் வடமேற்கிலிருந்து ஷமால் காற்று நாள்கணக்கில் அடிக்கும். நின்றால் கடல் எண்ணெய் ஊற்றியதுபோலக் கிடக்கும். ஆகவே பாயும் வேண்டும், துடுப்பும் வேண்டும்.

எப்போது எது வெல்லும் என்பதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. காற்றின் ஆற்றல் அதன் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. 10 நாட் (மணிக்கு 10 கடல் மைல்) காற்று ஒரு சதுர மீட்டர் பரப்பின் வழியே சுமார் 80 வாட் கொண்டு வருகிறது. காற்று பாதியாகி 5 நாட் ஆனால் ஆற்றல் பாதியாகாது, எட்டில் ஒரு பங்காகிவிடும்: வெறும் 10 வாட். 40 சதுர மீட்டர் பாய் விரித்தாலும் அதன்மேல் வந்து விழுவது 400 வாட், அதிலும் ஒரு பகுதியே உந்துதலாக மாறும். ஓர் ஆள் மணிக்கணக்கில் சோர்ந்துவிடாமல் தரக்கூடியது 75 வாட் என்று வையுங்கள். பத்துப் பேர் துடுப்பு வலித்தால் 750 வாட், நம் வீட்டு மிக்ஸி ஒன்றின் அளவு. 5 நாட் காற்றில் மிக்ஸி ஜெயித்துவிடும். 10 நாட்டில் பாய்தான்.

சரி, பாய், துடுப்பு இரண்டுக்கும் பொருந்துகிற ஒரு சின்ன மரப்படகை, சுமார் 5 மீட்டர் நீளத்தில், இன்று கட்டுவதானால்?

முதல் சண்டை அகலத்தில் வரும். பாய்மரப் படகு காற்றில் சாயும். சாய்ந்தது நிமிர அகலம் உதவும். துடுப்புக்காரருக்கோ நீரில் உரசும் பரப்பு குறையக் குறைய நல்லது. அவருக்கு ஒல்லியான உடல் வேண்டும். பக்கங்களை விரித்துக் கட்டுவது இதற்கு ஒரு வழி. நீர்மட்டத்தில் அகலம் 1.1 மீட்டர், மேல்விளிம்பில் 1.5 மீட்டர். நேராக நிற்கும்போது படகு ஒல்லி. சாயும்போது விரிந்த பக்கம் நீரில் அமர்ந்து தாங்கும். விளிம்பு அகலமானதால் துடுப்புக்கும் நல்ல பிடிமானம் கிடைக்கிறது: துடுப்புத் தாங்கிகளுக்கு இடையே 1.4 மீட்டர் இருந்தால், 2.7 மீட்டர் துடுப்பு போடலாம். அதில் 75 சென்டிமீட்டர் தாங்கிக்கு உள்ளே, மிச்சம் வெளியே. விளிம்பை ரொம்ப உயர்த்தினால் துடுப்பு செங்குத்தாகி, வலிக்கிற வலு வீணாகும்.

பின்புறமும் முக்கியம். நீருக்குள் அமிழும் தட்டையான பின்பலகை தனக்குப் பின்னே சுழல்களை இழுத்துக்கொண்டே வரும். வேகமாகப் பாயோடும்போது அது பெரிதாகத் தெரியாது. துடுப்பு வலிப்பவருக்குத் தோள்பட்டையில் தெரியும். வளைகுடாவின் பழைய பத்தீல், பக்காரா படகு வகைகள் இரு முனையும் கூராகவே இருந்தன. பாறைப் படகுகளும் அப்படித்தான். அந்த வடிவத்தில் கைவைக்க வேண்டியதில்லை.

காற்றுக்கு எதிராக முன்னேற, படகு பக்கவாட்டில் நழுவாமலிருக்க நீருக்குள் ஏதாவது இறங்கியிருக்க வேண்டும். ஆழமான ஏரா (அடிக்கட்டை) வைத்தால் ஆயிற்று. ஆனால் வளைகுடாவின் சராசரி ஆழமே 35 மீட்டர் போலத்தான். கத்தார் கரையோரம் திட்டும் பவளப் பாறையும். துடுப்பு வலிக்கும்போது அந்த ஏரா வெறும் சுமை வேறு. ஆகவே ஏற்றி இறக்கும் பலகை. நடுவில் வைத்தால் அதன் கூடு, துடுப்புக்காரர் உட்காரும் இடத்தையே பிடித்துக்கொள்ளும். பக்கவாட்டில் தொங்கவிடுவதே எனக்குச் சரியாகப் படுகிறது. நம் கட்டுமரக்காரர்கள் மரங்களுக்கு நடுவே பலகையைச் செருகி இந்த வேலையை முடித்தவர்கள். ஆழமில்லாத பாக் நீரிணையில் இன்னொரு உத்தி இருந்தது: ஒல்லியான படகின் குறுக்கே ஒரு நீண்ட பலகை, ஆட்கள் காற்று வரும் பக்கமாக அதில் ஏறி வெளியே போய் உட்கார்ந்து சாய்வைச் சமன் செய்வார்கள். சென்னை மாகாண மீன்வளத் துறை இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் இதைப் பதிவு செய்திருக்கிறார். படகை அகலமாக்காமல் எடையை வெளியே கொண்டுபோவது. பக்கத்தை விரித்துக் கட்டுவதைவிடக் கெட்டிக்கார விடை அது. ஆள் பலம் வேண்டும், அவ்வளவுதான்.

பாய் விஷயத்தில் நான் துடுப்பின் கட்சி. எதிர்க்காற்றில் வலிக்கும்போது, நட்டு வைத்த பாய்மரமே காற்றைப் பிடித்துப் பின்னுக்கு இழுக்கும். அதனால் மரம், பருமல் (பாயைத் தாங்கும் குறுக்குக்கழி) எல்லாம் கழற்றிப் படகுக்குள்ளேயே படுக்கவைக்கும் நீளத்தில் இருக்க வேண்டும். 4 மீட்டர் மரமும் 7 சதுர மீட்டரில் நாற்கோணப் பாயும் போதும். அரபுப் படகுகளின் முக்கோணப் பாய் அழகு, ஆனால் அதன் நீண்ட பருமலைத் திசை மாற்றும்போது மரத்தைச் சுற்றிக் கொண்டுபோக வேண்டும். இரண்டு பேர் இருக்கிற படகுக்கு அது ஆகாது. எவ்வளவு பெரிய பாய் கட்டினாலும், நீர்மட்ட நீளம் 4.6 மீட்டர் உள்ள படகு 5 நாட்டைச் சற்றுத் தாண்டியதும் தானே எழுப்பிய அலைக்குள் சிக்கிக்கொள்ளும்.

கடைசியில் ஒரு குறுக்குக் கட்டை. துடுப்பு வலிப்பவர் காலை உதைத்து ஊன்றுவதற்கு. உதைக்க ஏதும் இல்லாவிட்டால் முதுகின் வலு துடுப்புக்குப் போய்ச் சேராது. பாய்க்காக மட்டும் படகு கட்டுபவர்கள் மறப்பது இதைத்தான்.

வளைகுடாவில் படகு கட்டும் உஸ்தாதுகள் இவற்றில் எதையும் தாளில் வரைந்ததில்லை. மலபாரிலிருந்து வந்த தேக்கில் முதலில் ஏரா, பிறகு வெளிப்பலகைகள், அதன் பிறகே உள்ளே வங்குகள் (விலாக் கட்டைகள்). பலகை வளைகிற வளைவைக் கண்ணால் பார்த்தே உடலின் வடிவம் முடிவாகும். கேரளத்தின் பேப்பூரில் உரு என்னும் மரக்கப்பல் கட்டுபவர்களின் கைவழக்கமும் இதுவே.

1930களில் ஜப்பானின் வளர்ப்பு முத்து வந்து விலை விழுந்தது, பிறகு எண்ணெய், பிறகு எஞ்சின். எஞ்சினை உட்காரவைக்கவும் விசிறியைப் பொருத்தவும் தட்டையான, பருத்த பின்புறமே வசதி. பத்தீல், பக்காரா போன்ற கூர்முனைப் படகுகள் அருகின. எடை கூடியதால் பக்கங்கள் உயர்ந்தன. இன்று தோஹா கரையில் கட்டிக் கிடக்கும் மரப்படகுகளில், எஞ்சின் நின்றுவிட்டால் விளிம்பிலிருந்து துடுப்பை நீட்டினாலும் தண்ணீர் சரியான கோணத்தில் எட்டாது.