இளஞ்சோளத்தின் நஞ்சும் கால்நடையின் உயிர்ப்பும்

திருநெல்வேலிச் சீமையின் கடலோரத்தில், தேரி மணலும் பனங்காடும் சூழ்ந்த உடன்குடி போன்ற ஊர்களில், மாட்டுக்குப் பசுந்தீவனம் கிடைப்பது பெரிதும் மழையைப் பொறுத்தது. மானாவாரியில் விதைத்த சோளம் மழையின்றிக் குன்றி நிற்பதும், பின்னர் ஒரு மழை பெய்தவுடன் அடியிலிருந்து புதுத்துளிர் விடுவதும் உண்டு. அப்பசுமையைக் கண்டு பசித்த மாட்டை அவிழ்த்துவிட்டால், அது சிறிது நேரத்தில் மூச்சிரைத்து, நுரை தள்ளி, தள்ளாடி வீழ்ந்து மடியக்கூடும். பாம்பு தீண்டிற்றோ, கண்ணேறு பட்டதோ என்று ஐயுறத்தக்க இம்மரணத்தின் காரணம் பயிரிலேயே இருக்கிறது.

நஞ்சு உண்டாகும் விதம்

சோளத்தின் இளந்தழையில் துர்ரின் என்னும் பொருள் உள்ளது. 1902ஆம் ஆண்டில் டன்ஸ்டன், ஹென்றி என்னும் இரசாயன அறிஞர்கள் இதனைக் கண்டறிந்தனர். துர்ரினும் அதைச் சிதைக்கும் நொதிப்பொருளும் இலையில் வெவ்வேறு அறைகளில் தனித்தனியே இருக்கின்றன. மாடு மெல்லும்போது அறைகள் நசுங்கி, இரண்டும் கலந்து, ஹைட்ரோசயானிக் அமிலம் வெளிப்படுகிறது. அசைபோடும் பிராணிகளின் முதல் வயிற்றிலுள்ள நுண்ணுயிர்களும் இச்சிதைவுக்குத் துணைசெய்கின்றன. பயிர் முற்ற முற்ற நஞ்சு குறையும். வறட்சியாலும், தழைச்சத்து உரத்தை மிகுதியாக இடுவதாலும் கூடும்.

உடலினுள் நிகழ்வது

இரத்தத்தில் கலந்த சயனைடு ஒவ்வோர் உயிரணுவுக்குள்ளும் புகுகிறது. உயிரணுவில் மைட்டோகாண்டிரியா எனப்படும் நுண்ணிய உறுப்புகள் உண்டு. உணவுச் சத்திலிருந்து பிரிந்த எலெக்ட்ரான்கள் அங்கு நான்கு நொதிகள் அடங்கிய சுவாசத் தொடரின் வழியே செல்கின்றன. முதலிரண்டு நொதிகளும் அவற்றை மூன்றாவதற்கு அனுப்ப, அது நான்காவதான சைட்டோகுரோம் ஆக்ஸிடேஸிடம் சேர்ப்பிக்கிறது. இக்கடைசி நொதி எலெக்ட்ரான்களைப் பிராணவாயுவோடு சேர்த்து நீராக்குகிறது. இவ்வோட்டத்தினால்தான் உயிரணுவுக்கு வேண்டிய சக்தி கிடைக்கிறது.

இந்நொதியின் நடுவே ஓர் இரும்பணுவும் ஒரு செப்பணுவும் அருகருகே உள்ளன. பிராணவாயு வந்து பற்றவேண்டிய இடம் அதுவே. சயனைடு அங்கே முந்திச் சென்று இரும்பைப் பற்றிக்கொள்கிறது. கடைமடை அடைபட்டால் வாய்க்கால் நீர் தேங்கி நிற்பதுபோல, எலெக்ட்ரான் ஓட்டம் தொடர் முழுவதும் நின்றுவிடுகிறது. டெரிஸ் வேரிலுள்ள ரோட்டினோன் என்னும் நஞ்சோ, முதல் நொதியில் தங்கி மேல்மடையை அடைப்பது. மடை வேறாயினும் விளைவு ஒன்றே.

ஆகவே, மாடு மூச்சு வாங்குவது காற்றுக் குறைவினால் அன்று. இரத்தத்தில் பிராணவாயு நிறைய இருந்தும் உயிரணுக்களால் அதைப் பயன்படுத்த இயலவில்லை. செலவாகாத பிராணவாயுவோடு திரும்புவதால் நாளங்களின் இரத்தமும் பளிச்சென்ற செந்நிறமாக இருக்கும். தொடக்கத்தில் ஈறு மிகச் சிவந்து காணப்படுவது இதனாலேயே.

பற்று விடுபடக் கூடியது

இரும்பின்மேல் சயனைடு கொண்ட பற்று நிரந்தரமானதன்று. காலத்தில் முயன்றால் அதை விடுவிக்கலாம். கால்நடை மருத்துவர் நாளத்தில் செலுத்தும் சோடியம் நைட்ரைட், இரத்தச் சிவப்பின் ஒரு பகுதியை மாற்றி, சயனைடை ஈர்க்கும் இரும்பு அங்கு உண்டாகச் செய்கிறது. சயனைடு நொதியை விட்டு அவ்விரும்பை நாடிச் செல்லும். சோடியம் தயோசல்பேட் கந்தகம் அளித்துச் சயனைடைத் தயோசயனேட்டாக மாற்ற, அது சிறுநீரில் கழிந்துவிடும். நைட்ரைட் அளவு மீறினால் அதுவே நஞ்சாகும். ஆதலால் மருத்துவரன்றிப் பிறர் அதைக் கையாளலாகாது.

மரணம் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் நேர்வதால் தாமதம் கூடாது. கருப்பட்டிக் கரைசல் முதலியவை இம்மருந்துகளுக்கு ஈடாகா. இரைக்கும் மாட்டுக்குப் புகட்டினால் நீர் நுரையீரலுக்குள் செல்லவும் கூடும். 1962 என்னும் எண்ணில் கால்நடை மருத்துவ ஊர்தியை உடனே அழைத்தல் நன்று.

முன்னெச்சரிக்கை

ஹைட்ரோசயானிக் அமிலம் உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் 2 மில்லிகிராம் சேர்ந்தால் மாடு இறக்கலாம். 300 கிலோ எடையுள்ள மாட்டுக்கு இது 600 மில்லிகிராம். ஒரு கிலோ பசுந்தழையில் 200 மில்லிகிராம் இருப்பின், மூன்று கிலோவே போதும்.

ஆதலால், பூக்குமுன் சோளத்தை மேயவிடலாகாது. வாடிய பயிரும், மழைக்குப் பின் வந்த துளிரும், மறுதாம்புக் குருத்தும் மிக்க ஆபத்தானவை. அறுத்து வெயிலில் நன்கு உலர்த்திக் கொடுத்தால் நஞ்சு பெரிதும் குறையும். பசியோடு மாட்டைச் சோளக் கொல்லைப் பக்கம் ஓட்டாமல், முன்னதாக வைக்கோல் கொடுத்தல் வேண்டும். வறட்சிக்குப் பின் முதல் மழை பெய்தவுடன் கிராம அதிகாரிகள் இவ்விவரங்களைக் குடியானவர்களுக்கு எடுத்துரைப்பின், பல வீடுகளின் கறவையும் உழவு மாடும் காக்கப்படும்.