ஒட்டுறவும் துல்லியமும்: குறைந்தவிலை நுண்துகள் உணரிகளின் ஒப்பீட்டுச் சோதனை

முன்னுரை

காற்றில் மிதக்கும் துகள்களுள் 2.5 மைக்ரோமீட்டரும் அதற்குக் குறைவான விட்டமும் உடையவை பி.எம். 2.5 எனப்படுகின்றன. இவற்றை அளக்க அரசு நிலையங்களில் நிறுவப்படும் கருவிகள் விலை மிக்கவை. ஆதலின் ஒரு பெருநகரில்கூடச் சில இடங்களிலேயே அவை அமைகின்றன. இவ்விடைவெளியை நிரப்பவே குறைந்தவிலை உணரிகள் வந்தன. அமெரிக்காவில் பரவலாகப் பயன்படும் பர்ப்பிள்ஏர் வெளிப்புறக் கருவியினுள் பிளான்டவர் நிறுவனத்தின் லேசர் உணரிகள் இரண்டு உள்ளன. அவை காட்டும் எண்ணை எந்த அளவிற்கு ஏற்கலாம் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

நிறையும் ஒளியும்

இருவகைக் கருவிகளும் அளப்பது ஒன்றையே அன்று. பீட்டாக் கதிர்த் தணிவுக் கருவி துகள்களை வடிதாள் நாடாவில் படியச் செய்து, அதனூடே செல்லும் கதிர் எவ்வளவு குறைகிறது என்பதைக் கொண்டு நிறையைக் கணிக்கிறது. உணரியோ, சிறு விசிறி ஈர்க்கும் காற்றின்மீது லேசர் ஒளியைச் செலுத்தி, சிதறும் ஒளியிலிருந்து நிறையை உய்த்துணர்கிறது. துகளின் அடர்த்தி, வடிவம், ஒளிவிலகல் எண் ஆகியன இடத்துக்கு இடம் மாறுபடும். உணரிக்கு அவ்வேறுபாடு தெரியாது. ஈரப்பதம் மிகும்போது சல்பேட், நைட்ரேட் துகள்கள் நீரை ஈர்த்துப் பருத்து, ஒளியை மிகுதியாகச் சிதறச் செய்கின்றன. அரசு நிலையக் கருவியின் நுழைகுழாய் சூடாக்கப்படுவதால் அந்நீர் பெரும்பாலும் அங்கேயே நீங்கிவிடுகிறது.

ஒப்பீட்டுச் சோதனை

கலிபோர்னியாவின் தென்கடற்கரைக் காற்றுத்தர மேலாண்மை அமைப்பு 2014இல் ஏ.க்யூ-ஸ்பெக் என்னும் சோதனைத் திட்டத்தைத் தொடங்கியது. ஒரே வகை உணரியின் மூன்று அலகுகள் அரசுக் கருவியின் அருகில் ஏறத்தாழ இரண்டு மாதம் இயக்கப்படுகின்றன; பின்னர், வெப்பமும் ஈரப்பதமும் கட்டுப்படுத்தப்பட்ட ஆய்வு அறையில் சோதிக்கப்படுகின்றன. மூன்று அலகுகள் தேவைப்படுவது, அவை தமக்குள் ஒத்துப்போகின்றனவா என்பதையும் அறிவதற்கே.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. விற்பனைக் குறிப்புகள் உயர்ந்த ஒட்டுறவுக் கெழுவைப் பெருமையுடன் காட்டலாம். ஆயின் எப்போதும் இருமடங்காகவே காட்டும் கருவிக்கும் அக்கெழு 1 ஆகவே அமையும். சாய்வு, வெட்டுத்துண்டு, பிழையளவு ஆகியவற்றையும் சேர்த்து நோக்காத ஒப்பீடு குறையுடையதே.

திருத்தச் சமன்பாடு

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்ட ஆய்வு, பர்ப்பிள்ஏர் கருவி அந்நாட்டின் பெரும்பகுதியில் ஏறத்தாழ 40 விழுக்காடு மிகைப்படக் காட்டுவதாகக் கண்டது. அது தந்த திருத்தம் பின்வருமாறு:

திருத்திய அளவு = 0.524 × உணரி அளவு − 0.0862 × சார்பு ஈரப்பதம் + 5.75

உணரி ஒரு நாளின் சராசரியாக 50 மைக்ரோகிராம் எனக் காட்ட, சார்பு ஈரப்பதம் 60 விழுக்காடாக இருப்பின், திருத்திய அளவு ஏறத்தாழ 26.8 ஆகும். அமெரிக்காவின் 24 மணிநேர வரம்பு 35 மைக்ரோகிராம். திருத்தாத எண்ணை நம்பியவர் வரம்பு மீறப்பட்டதாக அறிவித்திருப்பார்.

எனினும் இச்சமன்பாடு எல்லாக் காற்றுக்கும் பொருந்துவதன்று. புழுதிக்காற்றில் நிலைமை தலைகீழாகிறது. பருத்த மண்துகள்களை இவ்வுணரி சரிவரக் காண்பதில்லை. புழுதி நிகழ்வுகளில் திருத்திய அளவு உண்மையைவிட 5 முதல் 6 மடங்கு குறைவாக இருந்ததை 2023இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அந்நிலையில் 0.524 என்னும் பெருக்கெண், ஏற்கெனவே குறைந்து நிற்கும் அளவை மேலும் குறைத்துவிடுகிறது.