உம்மும்மாவின் பிஸ்கட் டின்

ஒரு நாள் ஸுபஹுக்கு வுழூச் செய்யப் போன என் உம்மும்மா, குழாயடியிலேயே தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். நல்லவேளை விழவில்லை. பிரஷர் பார்த்தபோது வழமையை விட மிகக் குறைவாக இருந்தது. பிரஷர் கூடிய ஒருவருக்கு எப்படிக் குறையும் என்று வீட்டில் எல்லோருக்கும் குழப்பம்.

அக்குறணையில் எங்கள் வீட்டுக்கு அருகில் உள்ள டொக்டர், "என்னென்ன மருந்து குடிக்கிறீங்க?" என்று கேட்டார். உம்மும்மா வாயால் பதில் சொல்லவில்லை. கையோடு கொண்டு போயிருந்த பழைய பிஸ்கட் டின்னை மேசையில் வைத்தார். டொக்டர் அதைக் கவிழ்த்துக் கொட்டினார். கடதாசி உறைகள், பாதி வெட்டிய குளிசைகள், பெயர் அழிந்த பட்டைகள் எல்லாம் வந்து விழுந்தன. அவற்றுள் இரண்டைத் தனியே எடுத்து வைத்தார். ஒன்று கிளினிக்கில் கொடுத்த வெள்ளைக் குளிசை. மற்றது, ஒரு மாதம் கிளினிக்குக்குப் போக முடியாமற் போனபோது நாங்கள் வெளியே பார்மசியில் வாங்கிய பச்சைக் குளிசை. இரண்டும் ஒன்றுதான், இரண்டும் லொசார்டன்.

அடுத்த மாதம் கிளினிக் மருந்து வந்த பிறகு பச்சையை நிறுத்த வேண்டும் என்று உம்மும்மாவுக்கு ஒருவரும் சொல்லவில்லை. "வெள்ளை பிரஷருக்கு, பச்சை தலைச்சுத்துக்கு" என்று அவராகவே ஒரு முடிவுக்கு வந்து இரண்டையும் விழுங்கியிருக்கிறார். தலைச்சுற்று வந்ததே அதனால்தான். உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் நான் அதே வீட்டில் இருந்துகொண்டும் அந்த டின்னை ஒரு நாளாவது திறந்து பார்த்ததில்லை.

தோழிகளே, பெற்றோரே, ஒரு மருந்துக்கு இரண்டு பெயர்கள் உண்டு என்பதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். ஒன்று அதன் பொதுப் பெயர். லொசார்டன், மெட்போமின், அட்டோவஸ்டடின் என்பவை அப்படிப்பட்டவை. மற்றது, தயாரிக்கும் கம்பனி சூட்டும் வியாபாரப் பெயர். கம்பனிக்குக் கம்பனி பெயரும் நிறமும் வடிவமும் மாறினாலும் உள்ளே இருக்கும் மருந்து மாறாது. பட்டையில் வியாபாரப் பெயர்தான் பெரிதாக இருக்கும். பொதுப் பெயரைச் சிறிய எழுத்தில் தேடிப் பிடிக்க வேண்டும்.

இந்தப் பொதுப் பெயருக்காகப் போராடிய ஒருவர் நம் ஊரோடு தொடர்புள்ளவர் என்பதைப் பிறகுதான் அறிந்தேன். பேராசிரியர் செனக பிபிலே கண்டி திரித்துவக் கல்லூரியில் படித்தவர். பேராதனை மருத்துவ பீடத்தின் பீடாதிபதியாக இருந்தவர். 1971இல் அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனம் தொடங்கப்பட்டபோது அதன் முதல் தலைவரும் அவரே. மருந்துகளைப் பொதுப் பெயரில் எழுதி, தேவையானவற்றை மட்டும் மலிவாக இறக்குமதி செய்ய வேண்டும் என்பது அவருடைய கொள்கை. ஏழைகளின் பணம் மிச்சமாக வேண்டும் என்பதே அவரது நோக்கமாக இருந்தது. ஆனால் எங்கள் டின்னிலும் எல்லா உறைகளிலும் பொதுப் பெயரே பெரிதாக இருந்திருந்தால், அந்த ஸுபஹு அப்படி விடிந்திருக்காது.

டின் ஏன் அவ்வளவு நிரம்பியிருந்தது? அதற்கும் ஒரு காரணம் இருந்தது. 2022 மார்ச் மாத இறுதியில், மருந்துத் தட்டுப்பாட்டால் பேராதனைப் போதனா வைத்தியசாலையில் திட்டமிட்ட சத்திரசிகிச்சைகள் இடைநிறுத்தப்பட்ட செய்தி உங்களுக்கும் நினைவிருக்கும். அந்தக் காலத்தில் எத்தனையோ வீடுகளில் குளிசையைப் பாதியாக வெட்டிக் குடித்தார்கள். உம்மும்மாவும் அப்படித்தான் சேர்த்து வைக்கப் பழகினார். பழையதை வீசலாம் என்று நான் சொன்னபோது, "வீசினா பாவம் மகள். நாளைக்கி கிடைக்காட்டி என்ன செய்ற?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் எல்லாக் குளிசையையும் வெட்டக் கூடாது. பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர். அல்லது எக்ஸ்.ஆர். என்று இருந்தால், அது உடலில் மெதுவாகக் கரையும்படி செய்யப்பட்டது. வெட்டினால் முழு மருந்தும் ஒரேயடியாக இறங்கிவிடும்.

பழையதும் சும்மா இருக்காது. டின்னில் கிடந்த அஸ்பிரின் உறையைத் திறந்தபோது வினாகிரி வாடை அடித்தது. இரசாயனவியல் படிப்பவர்களுக்கு இது புரியும்: அஸ்பிரின் ஈரத்தில் நீர்ப்பகுப்படைந்து அசற்றிக்கமிலத்தைத் தரும். கண்டியின் மழைக்கும் பனிக்கும் கடதாசி உறை எம்மாத்திரம்! குசினியும் குளியலறையும் மருந்து வைக்கும் இடங்கள் அல்ல.

பிறகு உம்மாவும் நானும் உட்கார்ந்து ஒரே தாளில் எல்லாவற்றையும் எழுதினோம். பொதுப் பெயர், எத்தனை மில்லிகிராம், எதற்காக, எப்போது. கடையில் துண்டு இல்லாமல் வாங்கும் முழங்கால் வலிக் குளிசையும் அதில் சேர்ந்தது. சில வலிக் குளிசைகள் லொசார்டனோடு சேரும்போது சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும் என்று டொக்டர் அதை நிறுத்தச் சொன்னார். உறைகளில் உள்ள சுருக்கெழுத்துகளும் அத்தனை கஷ்டமில்லை: பி.டி. என்றால் நாளுக்கு இரண்டு தடவை, டி.டி.எஸ். என்றால் மூன்று தடவை, மானே காலையில், நொக்டே இரவில். யாராவது மூட்டு வாதத்துக்கு மெதொட்ரெக்சேட் பாவித்தால் மட்டும் மிகுந்த கவனம் தேவை. அது வாரத்துக்கு ஒரு நாள் குடிக்கும் மருந்து, தவறித் தினமும் குடித்தால் உயிருக்கே ஆபத்து.

தாளைச் சுவரில் ஒட்டினேன். உம்மும்மா அதைப் பார்க்கவே இல்லை. ஆங்கிலம் தெரியாது, தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார். ஆனால் குர்ஆனைத் தங்குதடையில்லாமல் ஓதுவார். ஆகவே காலைக் குளிசைப் போத்தலில் ஸுபஹுக்கு ஒரு பெரிய ஸாத், இரவுப் போத்தலில் இஷாவுக்கு ஓர் ஐன் எழுதினேன். (அஸரும் ஐனில்தான் தொடங்குகிறது. நல்லவேளை, அஸருக்குக் குளிசை இல்லை!) லொசார்டன் ஸுபஹுக்குப் பின். மெட்போமின் காலையிலும் இரவிலும் சாப்பாட்டோடு. நம் நாட்டில் தொழுகை நேரங்கள் வருடம் முழுவதும் ஒரு மணித்தியாலத்துக்குள்தான் மாறுகின்றன என்பதால் இந்த முறை சரிவருகிறது. லண்டனில் இருக்கும் சாச்சியிடம் சொன்னபோது சிரித்தார். அங்கே இஷா கோடையில் நள்ளிரவை நெருங்கும், குளிர்காலத்தில் மாலை ஆறு மணிக்கே வந்துவிடும்.

றமழான்தான் எங்களுக்குச் சோதனை. நோன்பு பிடிக்கிறேன் என்று பகல் குளிசையை ஸஹருக்குத் தாமாகவே மாற்றிக்கொள்வோர் பலர். சீனி வருத்தத்துக்கான சில குளிசைகள் வெறும் வயிற்றில் சீனியை மயங்கி விழும் அளவுக்குக் குறைத்துவிடும். நோயாளிக்கு மார்க்கத்திலேயே சலுகை இருக்கிறது. எதை, எப்போது மாற்றுவது என்பதை ஷஃபான் மாதத்துக் கிளினிக்கிலேயே கேட்டுவிட வேண்டும். இம்முறை வாப்பா கேட்டார்.

உலக சுகாதார ஸ்தாபனம் 2017இல் தொடங்கிய மருந்துப் பாதுகாப்புத் திட்டத்தில் மூன்று விடயங்களை முக்கியமாகச் சொல்கிறது. ஒரே ஆள் பல மருந்து குடிப்பது ஒன்று. ஓரிடத்துச் சிகிச்சையிலிருந்து இன்னோரிடத்துக்கு மாறுவது இன்னொன்று. ஆபத்துக் கூடிய சந்தர்ப்பங்கள் மூன்றாவது. முதல் இரண்டும் எங்கள் பிஸ்கட் டின்னுக்குள்ளேயே இருந்தன.

போன மாதம் கிளினிக்கில் அதே லொசார்டன் இளஞ்சிவப்பு நிறத்தில் வந்தது. நான் பாடசாலை விட்டு வரும்வரை உம்மும்மா உறையைப் பிரிக்காமல் மேசையிலேயே வைத்திருந்தார். "நிறம் மாறி வந்தீக்கி மகள், பேரப் பாத்துச் சொல்லுங்க" என்றார். பார்த்தேன். போத்தலில் இருந்த மீதி வெள்ளைக் குளிசைகள் மூன்றையும் முதலில் முடிக்கச் சொன்னேன்.